ஆர்மோனியத்தின் துருத்தியும் ஆர்கனின் வலது காலும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டத்து இன்னிசைக் குழுவுக்கு ஒரு பழைய யமஹா வீட்டு ஆர்கன் இலவசமாகக் கிடைக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டை, அடியில் 13 பெடல், பின்தகட்டில் 100 வோல்ட் என்று எழுத்து. இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து இறக்கிய ஹேமண்ட் ஆர்கனை விற்கப் பார்க்கிறார். எதை எடுப்பது? பழைய பாட்டுகளில் நீளமாக நின்று ஒலிக்கும் ஆர்கன் இவற்றில் எது? எங்கள் கீபோர்ட் வாசிப்பவர் ஆர்மோனியத்திலிருந்து வந்தவர். ஆர்கன் குரலைப் போட்டு அவர் வாசித்தாலும் ஆர்கனாகக் கேட்பதில்லை. ஏன்?

பதில்: இலவசமாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஹேமண்டை விட்டுவிடுங்கள். விலையும் எடையும் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் நம் சுவரிலிருந்து வரும் மின்சாரம்.

ஹேமண்ட் ஆர்கனை லாரன்ஸ் ஹேமண்ட் 1935இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் பழைய மாடல்களில் சுரத்தை உண்டாக்குவது சுழலும் இரும்புச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் பல் பல்லாக மேடுகள் இருக்கும். பக்கத்தில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். மேடு காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் சுருளில் சிறு மின்துடிப்பு பிறக்கும். புகழ்பெற்ற பி-3 மாடலில் இப்படி 91 சக்கரங்கள். எல்லாவற்றையும் சுழற்றுவது ஒரே மோட்டார். அது மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டுச் சுற்றுகிற மோட்டார். வோல்ட்டைக் கூட்டிக் குறைத்தாலும் வேகம் மாறாது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே அந்த மோட்டார் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும். பல்லிணைப்பு வழியாக 6 கட்டைச் சுருதிக்குரிய (மேற்கத்திய முறையில் A) சக்கரம் நொடிக்கு 27.5 முறை சுற்றும். அதில் 16 பல் என்றால் 440 ஹெர்ட்ஸ். சுருதி அச்சாக நிற்கும்.

மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 240 வோல்ட்டை 120 ஆக்கலாம். 50ஐ 60 ஆக்க டிரான்ஸ்ஃபார்மரால் முடியாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், அந்த 440 ஏறத்தாழ 367 ஆகிவிடும். 6 கட்டையை அழுத்தினால் நாலரைக் கட்டைக்கும் கொஞ்சம் கீழே கேட்கும். சரியாக நாலரையில் நின்றாலாவது மாற்றி வாசித்துச் சமாளிக்கலாம். இது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் தொங்கும், கித்தாரோடும் சேராது, நாதஸ்வரத்தோடும் சேராது. ஹேமண்டோடு சேர்த்து வைக்கும் லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கியின் மோட்டார்களும் இதேபோல் மந்தமாகும். 60 ஹெர்ட்ஸில் சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டர் வைத்தால் இது தீரும். ஆனால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும். ஐரோப்பாவுக்கென்று செய்த 50 ஹெர்ட்ஸ் ஹேமண்டுகளும் உண்டு. எனவே விற்பவர் “டிரான்ஸ்ஃபார்மர் தருகிறேன்” என்றால் அதைக் கேட்டு மயங்காமல், பின்தகட்டில் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள்.

சரியான 50 ஹெர்ட்ஸ் மாடலே கிடைத்தாலும் தோட்டத்துத் திருவிழாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மேடைக்கு மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேட்டரிலிருந்துதான் வரும். விளக்குத் தோரணமும் ஆம்ப்ளிஃபையரும் ஒருசேர இழுத்தால் ஜெனரேட்டர் 50இலிருந்து 48 ஹெர்ட்ஸுக்கு இறங்குவது சாதாரணம். சக்கர ஆர்கன் உடனே அரைக்கட்டையில் முக்கால் பங்கு சுருதி இறங்கிவிடும். பாடகர் நடுப்பாட்டில் தடுமாறுவார், யார்மேல் குற்றம் என்று யாருக்கும் புரியாது. பெஞ்சும் பெடலும் சேர்த்து பி-3 ஏறத்தாழ 190 கிலோ. லோரியில் ஏற்ற நான்கு பேர் வேண்டும். கோயில் கோயிலாக அலையும் குழுவுக்கு இது ஆகாது.

இனி உங்கள் யமஹா. எலக்டோன் என்ற பெயரில் யமஹா இவற்றை 1959 முதல் செய்தது. இதில் சுழலும் சக்கரம் கிடையாது, சுரம் முழுக்க டிரான்சிஸ்டரில் பிறக்கிறது. உள்ளே போகும் மின்சாரம் முதலில் டிசியாக மாறிவிடுவதால் 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ சுருதியைத் தொடாது. வோல்ட்டை மட்டும் கவனித்தால் போதும். 100 வோல்ட் என்பது ஜப்பான் வீடுகளுக்குச் செய்தது என்பதற்கு அடையாளம். சுவரில் நேராகச் செருகினால் அந்த நொடியே மின்பகுதி கருகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது கடையில் 110 வோல்ட் என்று ஒன்றைத் தருவார்கள். 230க்குக் கணக்குப் போட்டுச் சுற்றிய அந்தப் பெட்டியில் நம் 240ஐக் கொடுத்தால் வெளியே 115 வரும், அதாவது ஆர்கனுக்கு வேண்டியதைவிட 15 விழுக்காடு அதிகம். கொஞ்ச நாள் ஓடும், உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும், பிறகு ஒருநாள் நிற்கும். 100 வோல்ட் என்றே எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். தகட்டில் உள்ள வாட்டைப் போல் இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக இருக்கட்டும். 80 வாட் என்றால் 160க்கு மேல், 200 எடுத்தால் நிம்மதி. முடி உலர்த்திக்கென்று விற்கும் பயணக் கன்வெர்ட்டர்களை இதில் மாட்டவே கூடாது. அவை அலையை வெட்டி வெட்டிக் கொடுக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சுவிட்சைத் தட்டாதீர்கள். பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பத்து வருடம் கிடந்த பெட்டிக்குள் எலி வயரைக் கடித்திருக்கும், பல்லி மின்பலகையில் காய்ந்து ஒட்டியிருக்கும், எறும்பு புற்று வைத்திருக்கும். மின்பகுதியில் உருளை உருளையாக நிற்கும் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ அடியில் பிசுபிசுவென்று கசிந்திருந்தாலோ அவற்றை மாற்றிய பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்பவர் இதைச் செய்துவிடுவார். முதல் முறை அவர் வரிசையில் ஒரு குண்டு பல்பை இணைத்து ஏற்றினால், உள்ளே ஷார்ட் இருக்கும்பட்சத்தில் பல்பு பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும், ஆர்கன் தப்பிக்கும்.

ஓட ஆரம்பித்த பிறகு வரும் கோளாறுகளுக்குக் காதால் நோய் கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு கட்டை மட்டும் ஊமை என்றால் அந்தக் கட்டையின் அடியில் உள்ள தொடுகம்பி கறுத்திருக்கிறது என்று பொருள். அதற்கு கான்டாக்ட் கிளீனர் போதும். துரு எடுக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் முதலில் சரியானதுபோல் தெரியும், ஒரு மாதத்தில் தூசியைப் பிடித்துப் பத்துக் கட்டை ஊமையாகும். ஒரே சுரம் எல்லா ஸ்தாயியிலும் ஊமை, அல்லது எல்லா ஸ்தாயியிலும் சுருதி விலகல் என்றால் குற்றம் கட்டையில் இல்லை. பழைய மாடல்களில் 12 சுரத்துக்கு 12 ஆஸிலேட்டர், அதாவது சுரத்தைப் பிறப்பிக்கும் மின்சுற்று. மேல் ஸ்தாயியில் பிறக்கும் சுரத்தைப் பாதி பாதியாக வகுத்துத்தான் கீழ் ஸ்தாயிகளை உண்டாக்குவார்கள். தாய் சுரம் கெட்டால் பிள்ளைகள் எல்லாம் கெடும். அந்த ஒரு சுரத்தின் சுருளைச் சரிசெய்தால் எல்லா ஸ்தாயியும் ஒன்றாகத் திரும்பும். எதை அழுத்தினாலும் ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடினால் மின்பகுதிக் கப்பாசிட்டர். சத்தமே இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையர் செத்தது என்று முடிவுகட்டுவதற்கு முன் கால் பெடலைத் திறந்து பாருங்கள். சில மாடல்களில் பெடல் ஒரு சின்ன விளக்கின் ஒளியை மறைத்தும் திறந்தும்தான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த விளக்கு பியூஸ் ஆனால் ஆர்கன் முழுக்க மௌனமாகிவிடும். சில வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள விளக்குக்காக நல்ல ஆர்கன்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

பாட்டில் கேட்பது எது என்ற கேள்விக்கு வருவோம். ‘ஆர்கன்’ என்று ஒரே பெயரில் அழைப்பவை குறைந்தது மூன்று குடும்பம்.

தடித்து, சூடாக, சுழன்று வருவது ஹேமண்ட். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத அமெரிக்கத் தேவாலயங்கள் அதை வாங்கின, அங்கிருந்து கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாட்டுக்குள் போயிற்று. 1956இல் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டுகள் வந்த பிறகு ஜாஸில் அதற்குத் தனி இடம். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் அதை கித்தார் ஆம்ப்ளிஃபையரில் செருகி உறும வைத்தார். புரோகோல் ஹாரம் குழுவின் 1967ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாட்டொன்றில் மேத்யூ ஃபிஷர் வாசித்த ஆர்கன் வரி அந்தப் பாட்டின் முகமாகவே ஆகிவிட்டது. அவருக்கும் அதில் ஆசிரியர் உரிமை உண்டு என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2009இல் தீர்ப்பளித்தது. பின்னணியில் நிற்கும் வாத்தியம் என்று ஆர்கனை நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மெலிந்து, கூர்மையாக, மூக்கால் பாடுவதுபோல் வருவது காம்போ ஆர்கன். 1962இல் வந்த வாக்ஸ் கான்டினென்டலும் இத்தாலியின் ஃபார்ஃபிசாவும் இதில் பெயர் பெற்றவை. டிரான்சிஸ்டர் என்பதால் வண்டியில் போட்டுக்கொண்டு போகலாம். அனிமல்ஸ் குழுவில் ஆலன் பிரைஸ் 1964இல் வாசித்தது இதைத்தான். டோர்ஸ் குழுவில் பாஸ் கித்தார் வாசிப்பவர் மேடையில் கிடையாது. ரே மன்சாரெக் வலது கையில் வாக்ஸும் இடது கையில் ஃபெண்டர் பியானோ பாஸுமாக இரண்டு பேர் வேலையைப் பார்த்தார். நம் நாட்டில் 60களில் பாப் யே யே என்ற பீட்டில்ஸ் பாணி மலாய்ப் பாட்டு அலை அடித்தபோது கித்தார் குழுக்களோடு சேர்ந்ததும், தமிழ்நாட்டு மெல்லிசை மேடைகளில் ஆர்மோனியமும் அக்கார்டியனும் நின்ற இடத்துக்கு வந்ததும் இந்தக் காம்போ வகைதான். மின்னல் வானொலியில் பழைய திரைப்பாட்டு வரும்போது இடையிசையில் கூர்மையாக நீளும் ஆர்கன் கேட்டால் பெரும்பாலும் இதை நினைத்துக்கொள்ளலாம். இளையராஜா சொந்தமாக இசையமைக்கத் தொடங்குமுன் மற்றவர்களிடம் கித்தாரும் ஆர்கனும் வாசித்தவர் என்பதை நினைவில் வைத்து அவருடைய 70களின் இறுதிப் பாட்டுகளைக் கேளுங்கள், பல்லவிக்கு அடியில் ஆர்கன் எங்கே நிற்கிறது, எங்கே விலகுகிறது என்று காதுக்குப் புலப்படும்.

மூன்றாவது குடும்பம் உங்கள் எலக்டோன் போன்ற வீட்டு ஆர்கன். மேடைக்குச் செய்ததல்ல, கற்றுக்கொள்ளவும் வீட்டில் வாசிக்கவும் செய்தது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் சின்தசைசர் வந்த பிறகு மேடைகளில் மூன்றுமே பின்னுக்குப் போயின. ஆர்கன் கீபோர்டுக்குள் ஒரு பொத்தானாயிற்று.

ஆர்மோனியக்காரர் ஏன் ஆர்கனாகக் கேட்கவில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. பியானோவில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் சத்தம் தானே தேய்ந்து போகும். ஆர்கனில் தேயாது. விரலை எடுக்கும்வரை அதே பலத்தில் நிற்கும். ஆர்மோனியமும் அப்படித்தான், ஆனால் அதில் இடது கை துருத்தியைப் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சுக் கொடுக்கிறது. கீபோர்டுக்கு மாறியதும் அந்த இடது கை சும்மா மடியில் கிடக்கும், மூச்சும் நின்றுபோகும். ஆர்கனில் துருத்தியின் வேலை வலது காலுக்கு வருகிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலில் கால் எப்போதும் இருக்க வேண்டும். பாடகர் பாடும்போது பாதிக்கும் கீழே, வரியின் முடிவில் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மெல்ல ஏற்றம், அடுத்த வரி தொடங்கும்போது மறுபடி இறக்கம். பெடல் இல்லாத ஆர்கன் வாசிப்பு மின்விசிறி ஓடுவதுபோல் ஒரே சீராக இருக்கும், மூன்றாவது பாட்டில் கேட்பவர் காது களைத்துவிடும்.

விடுபட்ட இடது கைக்கு கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது, பிடிக்கும் வேலை. பாஸ் கித்தார் இருந்தால் நடு ஸ்தாயி சட்ஜத்துக்குக் கீழே ஒரு ஸ்தாயிக்குள் நில்லுங்கள், அதற்கும் கீழே இறங்கினால் சேறாகக் குழம்பும். சுரத்தை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலைக் கழற்றியே வைத்துவிடுங்கள். கட்டையை ஓங்கி அடிப்பதாலும் பயனில்லை, ஆர்கன் குரலுக்கு அடியின் பலம் தெரியாது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தில் விரலைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை மட்டும் பக்கத்துச் சுரத்துக்கு நகர்த்தினால் போதும். கமகத்தை ஆர்கனில் தேட வேண்டாம். ஆர்மோனியக்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஏற்கெனவே பழக்கம், அது அவர்களுடைய பலம்.

இனி டிராபார். உங்கள் கீபோர்டில் ‘ஆர்கன் ஃப்ளூட்ஸ்’ என்றோ டிராபார் என்றோ ஒரு பக்கம் இருந்தால், ஆயத்தக் குரல்களை விட்டுவிட்டு அங்கே போங்கள். ஒன்பது சட்டங்கள், ஒவ்வொன்றையும் 0 முதல் 8 வரை இழுக்கலாம். 16 அடி, 8 அடி என்று அவற்றின் பெயர் குழாய் ஆர்கனின் குழாய் நீளத்திலிருந்து வந்தது. நமக்கு ஸ்வரத்தில் சொன்னால் சுலபம். நீங்கள் ச கட்டையை அழுத்தும்போது முதல் சட்டம் கீழ் ஸ்தாயி ச, இரண்டாவது அழுத்திய ச கட்டைக்கு மேலுள்ள ப, மூன்றாவது அழுத்திய ச, நான்காவது மேல் ச, ஐந்தாவது மேல் ப, ஆறாவது அதற்கும் மேல் ச, ஏழாவது அங்குள்ள அந்தர காந்தாரம், எட்டாவது அங்குள்ள ப, ஒன்பதாவது உச்சி ச. ஆக, ஒரு கட்டைக்குள் ச ப ச ச ப ச க ப ச என்று ஒன்பது குரல். எதை எவ்வளவு இழுக்கிறோம் என்பதுதான் குரலின் நிறம்.

மூன்றாவதும் நான்காவதும் பாதியளவு, மற்றவை மூடியிருந்தால் பாடகருக்குப் பின்னால் குழல்போல் நிற்கும். முதல் மூன்றையும் முழுதாக இழுத்து மற்றதை மூடினால் ஜிம்மி ஸ்மித் வழி: 888000000. முதல் மூன்றோடு கடைசியையும் முழுக்க இழுத்தால், 888000008, தேவாலயப் பாட்டின் பளபளப்பு. ஒன்பதையும் இழுப்பது பாட்டின் உச்சத்துக்கு மட்டும். ஏழாவது சட்டத்தில் எச்சரிக்கை தேவை: அது எப்போதும் அந்தர காந்தாரத்தையே தரும். கரகரப்பிரியா, நடபைரவி சாயலில் போகும் பாட்டில் சாதாரண காந்தாரம் வரும்போது இதை ஓங்கி இழுத்திருந்தால் புளிக்கும். “சுருதி சரியாகத்தானே இருக்கிறது, எங்கோ உறுத்துகிறதே” என்று குழம்புகிறவர்கள் முதலில் இதை மூடிப் பார்க்க வேண்டும்.

பெர்கஷன் என்று ஒரு பொத்தான் இருக்கும். 1950களின் நடுவில் பி-3 கொண்டுவந்தது. சுரத்தின் தொடக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு கூர்மை சேர்க்கும். இது ஏன் சில சுரத்தில் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. ஹேமண்டில் எல்லா விரலையும் எடுத்த பிறகு அழுத்தும் முதல் சுரத்துக்குத்தான் அது கிடைக்கும், நல்ல கீபோர்டுகளும் அதையே பின்பற்றுகின்றன. ஒரு விரல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வராது. பெர்கஷன் வேண்டிய வரியைத் துண்டு துண்டாக விரலைத் தூக்கி வாசிக்க வேண்டும். பெர்கஷன் ஓடும்போது ஒன்பதாவது சட்டம் ஓசை தராமல் போவதும் கோளாறல்ல, பழைய ஹேமண்டின் அமைப்பே அது.

இவ்வளவும் செய்து லெஸ்லியை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. டான் லெஸ்லி 1940களின் தொடக்கத்தில் செய்த அந்தப் பெட்டியில் மேல் ஒலிக்குச் சுழலும் கொம்பு, கீழ் ஒலிக்குச் சுழலும் உருளை. மெதுவான வேகம் நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது சுற்று, விரைவு ஏறத்தாழ 400. கொம்பு நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும். தேயாத ஆர்கன் சுரத்துக்கு உயிரோட்டம் அதிலிருந்து வருகிறது. கீபோர்டில் இதை ‘ரோட்டரி’ என்று போட்டிருப்பார்கள். பலர் தொடக்கத்தில் விரைவில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள், பாட்டு முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். அழகு வேகம் மாறும் அந்த ஓரிரு நொடியில் இருக்கிறது. பல்லவியில் மெதுவாக விடுங்கள். பல்லவியின் கடைசிச் சொல் முடிந்து இடையிசைக்குள் போகும் ஒரு தாளவட்டத்துக்கு முன்னால் விரைவுக்குத் தட்டுங்கள். கொம்பு சீக்கிரம் வேகம் பிடிக்கும், உருளை பின்னால் தாமதமாக வரும், அந்த எழுச்சி தாளத்தின் முதல் அடியான சமத்தில் போய் விழ வேண்டும். சரணம் தொடங்கியதும் மறுபடி மெதுவாக்குங்கள்.

வீட்டு ஆர்கனை மேடைக்குத் தூக்க வேண்டாம். மண்டபத்தில் வைத்து, மேல் வரிசையில் வலது கை, கீழ் வரிசையில் இடது கை, 13 பெடலில் இடது கால், சத்தப் பெடலில் வலது கால் என்று நான்கையும் பிரிக்கப் பழகும் பெட்டியாக அது இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் போதும், தெரிந்த ஒரே பாட்டை எடுத்து முதல் வாரம் வலது கால் மட்டும், அடுத்த வாரம் அதோடு இடது கை. மேடையில் உள்ள கீபோர்டுக்கு ஓர் எக்ஸ்பிரஷன் பெடல் வாங்குங்கள். வாங்கும்போது கீபோர்டையே கடைக்குக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். யமஹாவும் ரோலண்டும் பெடல் பிளக்கின் உள்வயரை ஒன்றுக்கொன்று மாற்றி வைத்திருக்கின்றன. பிளக் இரண்டிலும் சரியாக உட்காரும், ஆனால் மாற்றிச் செருகினால் சத்தம் சீராக ஏறாமல் பெடலின் ஒரு முனையில் மட்டும் திடீரென்று தாவும்.